கிணற்று வழக்குக்கு ஒரு வக்கீல்

குன்னத்தூர் பேருந்தில் என் முன் இருக்கையில் ஒரு பனியன் கம்பெனி முதலாளியும், சட்டக் கல்லூரி விண்ணப்பத்தை மடியில் வைத்திருந்த அவர் மகளும் உட்கார்ந்திருந்தார்கள்.

“அஞ்சு வருசம் உன்னைய வக்கீலுக்குப் படிக்க வெக்கற காசுல நாலு ஓவர்லாக் மெஷின் வாங்கலாம் கண்ணு. மெஷினு வாங்கிப் போட்ட மக்யா நாளே சம்பாரிக்கும்.”

“பெரியப்பா மேல போட்ட கெணத்துக் கேசுல மெஷினு வந்து வாதாடுமுங்களாப்பா?”

“நீ படிச்சு வாரதுக்குள்ள கேசு முடிஞ்சுதுன்னா?”

“அதுவரைக்கும் வாய்தா வாங்கிக்கலாமுங்க.”

மகளின் படிப்பை வாய்தாவுக்குக் காரணமாகக் காட்ட எந்த விதியிலும் இடமில்லை. ஆனால் வாய்தா கிடைத்துவிடும்.

அவர் யோசித்தார். “வேண்டாங் கண்ணு. மெஷினே போதும்.”

“செரிங்க. பெரியப்பா ஊட்டுப் பையனும் இதே ஃபாரம் வாங்கியிருக்கானுங்க.”

அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

“எங்க கண்ணு கையெழுத்துப் போடோணும்?”