சாமைக் கொல்லையில் ஜெனரல் நடத்திய பாடம்

ஓடுகிறேன். சரிவு. அறுத்த சாமைத் தாள் காலைக் கிழிக்கிறது. வலது காலில் இரண்டு விரல் கிடையாது. இறக்கத்தில் உடம்பு அந்தப் பக்கமே சாய்கிறது. எதிர் மலையில் "டொப்". மார்ட்டர் குழாயை விட்டுக் குண்டு கிளம்பும் சத்தம். எண்ணுகிறேன். இருபதைத் தாண்டியதும் தலைக்கு மேல் சீறுகிறது. குப்புற விழுகிறேன். வெடி. மண்ணும் சாமையும் முதுகில் கொட்டுகின்றன.

"கீழ ஓடு! கொல்லய உட்டு ஓடுங்க! ஓடைல எறங்கு!"

யாரும் ஓடவில்லை. குடிசைக்குள் சுருண்டு கொள்கிறார்கள். இடி இடித்தால் குடிசைக்குள் போவதுதானே வழக்கம். மறுபடி "டொப்".

1963. கார்த்திகை மாதம், வியாழக்கிழமை. காலை எட்டு இருபத்தைந்து. இடம் ஜவ்வாது மலை. எதிரி என்று அங்கே ஒருவனும் இல்லை. சுட்டது நம் பட்டாளம். அதிகாரிகளுக்குப் பாடம் நடந்துகொண்டிருந்தது.

பாடம் நடத்திய ஜெனரலைப் பற்றிச் சொல்ல வேண்டும். பர்மாச் சண்டையில் சின்ன ஆபீசர். ஐம்பதுகளில் மளமளவென்று மேலே போனவர். அறுபத்திரண்டில் வடக்கு எல்லைப் பனியில் எங்களுக்குத் தலைவர். நான் அவருடைய ஜீப் டிரைவர். ஒடுகத்தூர்க்காரன். தோற்றோம். ஜீப்பைப் போட்டுவிட்டு நாலு நாள் நடந்தோம். என் கால் பனியில் மரத்துக் கறுத்தது. அவருக்கென்று ஒரு கோவேறு கழுதை இருந்தது. அதில் என்னை ஏற்றிவிட்டு அவர் நடந்தார். இதையும் சொல்லத்தான் வேண்டும். சொல்லும்போதே வாய் கசக்கிறது.

தோற்ற ஜெனரலுக்கு மறுபடி படை தரவில்லை. பாடம் நடத்தச் சொன்னார்கள். ராணுவ அதிகாரிகளுக்கான கல்லூரி ஒன்றில் தலைமைப் பதவி. மலைச் சண்டை அவர் பாடம். நன்றாகவே நடத்துவார். நானே கேட்டிருக்கிறேன். பனியில் தோற்ற சண்டையைக் கரும்பலகையில் தினமும் ஜெயித்தார்.

மாணவர்களுக்கு நிஜ மலை வேண்டும் என்று ஜவ்வாதுக்கு வந்தார். எனக்குக் கடிதம் போட்டார். ஜீப் ஓட்ட, வழி காட்ட, மலை ஜனங்களிடம் பேச. நான் அப்போது வேர்க்கடலை லாரி ஓட்டிக்கொண்டிருந்தேன். பல்லை இளித்துக்கொண்டு ஓடினேன். ஜெனரல் கூப்பிட்டாராம்!

செவ்வாய்க்கிழமை என்னை அழைத்தார். குண்டு பறக்கும் வழிக்குக் கீழே பதினாறு வீட்டு ஊர் ஒன்று இருந்தது.

"வியாழன் காலை வீடுகளைக் காலி செய்யச் சொல். குண்டு எங்கே விழும் என்று மட்டும் சொல்லாதே. அது ராணுவ ரகசியம்."

யாரிடமிருந்து ரகசியம்? சாமை அறுக்கிறவர்களிடமிருந்தா? நான் கேட்கவில்லை. கேட்கிற பழக்கத்தைப் பட்டாளத்தில் விட்டுவிட்டு வந்தவன் நான்.

ஊருக்குப் போனேன். நாட்டாமை பெயர் ஆண்டி. அறுபது வயதிருக்கும்.

"வியாழக்கெழம காலைல வூட்டுல ஒருத்தரும் இருக்கக் கூடாது. சர்க்கார் உத்தரவு."

"இன்னா சமாச்சாரம்?"

"பட்டாளத்து வேலை. அவ்ளோதான்."

"செரிங்க. சொல்லிட்டீங்க இல்ல, காலி பண்ணிர்றோம்."

எவ்வளவு சுலபமாகச் சொன்னார். எனக்குச் சந்தேகமே வரவில்லை. வந்திருக்க வேண்டும். அடிவாரத்தில் பிறந்தவன் நான். ஊரில் அம்மை கண்டால் மலை ஜனங்கள் வீடுகளை விட்டுவிட்டு எங்கே போவார்கள் என்று எனக்குத் தெரியும். கொல்லைக்குத்தான். கொல்லை என்றால் மலைச் சரிவில் இருக்கும் அவர்களுடைய விளைநிலம். அங்கே காவல் குடிசை உண்டு. அடுப்பும் உண்டு. அதிலும் அது சாமை அறுப்பு மாதம். அவர்கள் வேறெங்கே போவார்கள்?

ஜெனரலின் வரைபடத்தில் அந்தச் சரிவு பச்சை நிறம். ரிசர்வ் காடு. ஆள் நடமாட்டம் இல்லை என்று போட்டிருந்தது. குண்டு விழ வேண்டிய இடம் அதுதான்.

வியாழன் காலை ஏழரை. எதிர் மலை உச்சியில் ஜெனரல், தூரதிருஷ்டிக் கண்ணாடி, கரும்பலகை, முப்பது அதிகாரிகள். எட்டு மணிக்கு முதல் குண்டு. நான் அவர் பக்கத்தில் பிளாஸ்க்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன். எட்டு மணி பத்து நிமிடம். சரிவின் மேல் ஓரத்தில் புகை. குண்டு விழாத இடத்தில் புகை. மெல்லிசாக, நேராக. அடுப்புப் புகை.

"சார், அங்க ஆளுங்க இருக்காங்க. நிறுத்தச் சொல்லுங்க."

கண்ணாடி வைத்துப் பார்த்தார். நன்றாகத்தான் பார்த்தார். கையில் டெலிபோன் இருந்தது. ஒரு வார்த்தை போதும்.

"அது குண்டுப் புகை. இன்னும் ஆறுதான் பாக்கி. முடியட்டும். பாடம் பாதியில் நிற்கக் கூடாது."

பிளாஸ்க்கைப் போட்டுவிட்டு ஜீப்பை எடுத்தேன். முகட்டைச் சுற்றிப் போய்ச் சரிவின் தலைப்பில் குதித்து, கொல்லைக்குள் இறங்கி ஓடினேன்.

ஆறும் விழுந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. எட்டரைக்கு எல்லாம் ஓய்ந்தது. வெடிமருந்து வாடையும் தீய்ந்த சாமை வாடையும். இன்றைக்கும் சாமைச் சோறு என் தொண்டையில் இறங்காது. எரிகிற குடிசைக்கு வெளியே ஆண்டியின் மருமகள் வெள்ளச்சி உட்கார்ந்திருந்தாள். மடியில் குழந்தை. அசைவில்லை. என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அவள் திட்டியிருக்கலாம். மண்ணை வாரித் தூற்றியிருக்கலாம்.

"வூட்டுல ஒருத்தரும் இல்லண்ணா. அல்லாரும் வந்துட்டோம். நீ சொன்ன மாதிரிதான வந்தோம்?"

மதியம் இரண்டு மணி. கூடாரத்தில் டைப் அடித்த ஒரு தாள். மக்களுக்கு முறையாக எச்சரிக்கை தரப்பட்டது. ரிசர்வ் காட்டுக்குள் அத்துமீறிப் புகுந்தவர்கள் விபத்துக்கு ஆளானார்கள். எச்சரித்த சாட்சி என்று என் பெயர். நான் பேனாவைத் தொடவில்லை. ஜெனரல் என் முகத்தைப் பார்க்கவில்லை. காலைப் பார்த்தார்.

"பனியில் உன்னை நான் விட்டுவிட்டா வந்தேன்?"

கையெழுத்துப் போட்டேன். நாய்க்கு எலும்பு போட்டவன் அதை வாலாட்டச் சொன்னான். அது ஆட்டியது. அவர்மேல் எனக்கு இருக்கும் அருவருப்பு பெரிது. என்மேல் இருப்பது அதைவிடப் பெரிது.

பிறகு அவர் ஓய்வு பெற்றார். சர்வகலாசாலை ஒன்று கூப்பிட்டது. மலைச் சண்டை பற்றிப் புத்தகம் எழுதினார். டாக்டர் பட்டம் வாங்கினார். ஜெனரல் போய்ப் பேராசிரியர் ஆனார். மாலை, மரியாதை, சந்தனம்.

1967. வேலூரில் ஒரு கல்லூரியில் பேச வந்தார். பேப்பரில் பார்த்துவிட்டுப் போனேன். கடைசி பெஞ்சு. ஒரு சொல், ஒரே ஒரு சொல் வருத்தமாகச் சொன்னால் போதும், எழுந்து வந்துவிடலாம் என்று இருந்தேன். கரும்பலகையில் அந்தச் சரிவை வரைந்தார். அச்சு அசலாக. ஓடைகூடத் தப்பவில்லை. ஜவ்வாது மலைப் பயிற்சி என்றார். குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிந்தது என்றார். உயிர்ச்சேதம் என்று எழுதி, பக்கத்தில் ஒரு பூஜ்யம் போட்டார். பையன்கள் கைதட்டினார்கள்.

எழுந்து நின்று செத்தவர்கள் பெயரைக் கத்தினேன். நாலு பெயர். ஹால் அடங்கியது. ஜெனரல் சாக்பீஸைக் கீழே வைத்தார். முகம் ஒரு கணம்கூட மாறவில்லை.

"என் பழைய டிரைவர். பனியில் கொஞ்சம் மூளை கலங்கிவிட்டது. பாவம், தண்ணீர் கொடுங்கள்."

கொடுத்தார்கள். இரண்டு பையன்கள் அன்பாகத் தோளைப் பிடித்து வாசல்வரை கொண்டுவந்து விட்டார்கள்.

அந்தப் பூஜ்யத்தை அழிக்க என்னிடம் வேறு வழி இல்லை. என் கையெழுத்துப் பொய். இந்தக் கணக்கு மெய்.

எரிந்தது: காவல் குடிசை மூன்று. அறுத்துப் போட்ட சாமை அத்தனையும். பசு ஒன்று, கன்றோடு.

செத்தது: நாட்டாமை ஆண்டி. அவர் மனைவி பூங்காவனம். அவர்கள் மகன், வெள்ளச்சியின் புருஷன் சின்னான். பக்கத்துக் கொல்லையின் குப்பன்.

ஐந்தாவது, வெள்ளச்சியின் பெண் குழந்தை. அன்று ஹாலில் அவளை மட்டும் என்னால் கூப்பிட முடியவில்லை. பிறந்து பதினோரு நாள். பெயர் வைக்கவில்லை.