நண்டுப்பிடிக்கு வந்த பழி

அது பாயும் காத்தும் இல்லாமக் கப்பல் நகராத காலம். தென்கடலோரத்துல வெள்ளமணல்னு ஒரு ஊரு. அந்த ஊருல பேராச்சின்னு ஒரு மருமவ இருந்தா. பொறந்தது உள்நாட்டுல, பத்துக் கல்லு தள்ளி. வாக்கப்பட்டு வந்து நாலு வருசம், இடுப்புல ஒரு பொட்டப்புள்ள. அதிகம் பேசமாட்டாளாம். பேசினா வெட்டு ஒண்ணு துண்டு ரெண்டுதானாம்.

அவ மாமனாரு கொம்பையா வஸ்தாது. ஊருல மல்லுக்கட்டுத கோதாவுக்கு அவரு வச்சதுதான் சட்டம். அவருகிட்ட ஒரு பிடி இருந்துச்சு, நண்டுப்பிடின்னு பேரு. எதிராளி கக்கத்துக்கு அடியில கைய விட்டுப் பிடரியில கோத்து, குதிங்கால்ல கால மாட்டிச் சாய்க்கணும். அம்புட்டுதான். கேக்க லேசா இருக்கும், மாட்டினவனுக்குல்லா தெரியும். கோயில் கொடைக்கு ஒருக்கப் போடுவாரு. போடுத வேகத்துல கை எங்க போச்சு, கால் எங்க போச்சுன்னு பாக்குதவனுக்குப் பிடிபடாது. சாமி கனவுல வந்து குடுத்த பிடி, வீட்டு ஆம்பளையத் தவிர யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணி வச்சிருந்தாக.

அப்படி இருக்கையில, ஐப்பசிப் புயல்ல ஒரு கப்பல் ஒடைஞ்சுது. ஒருத்தன் மட்டும் கரை ஒதுங்கினான். எந்தத் தேசத்தான்னு கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லுவாக. சீனத்தான்னு சொல்லுதவுகளும் உண்டு, துருக்கின்னு சொல்லுதவுகளும் உண்டு. நான் கண்டேனா, நீங்க கண்டீகளா. அவன் பாஷை ஒருத்தருக்கும் புரியல. வஸ்தாது வீட்டு மாட்டுக்கொட்டாயில படுத்துக் கெடந்தான். கஞ்சி ஊத்துனது பேராச்சி. ஊத்தச் சொன்னது அவ புருசன் ஊய்க்காட்டான்.

பங்குனிக் கொடை வந்துச்சு. ஊய்க்காட்டான் கோதாவுல நின்னு, வெளையாட்டுக்கு அந்தக் கப்பக்காரனக் கையக்காட்டிக் கூப்பிட்டான். அவனும் எறங்கினான். கண்ண மூடித் தொறக்கல, ஊய்க்காட்டான் மண்ணுல கெடக்கான். கக்கத்துல கை, பிடரியில கோர்வை, குதிங்கால்ல காலு. நண்டுப்பிடி.



பொறவு ஆரம்பிச்சுது பாருங்க. "வீட்டு ரகசியம் வெளியே போயிருக்கு. யாரு சொன்னா?" ஊய்க்காட்டான் சத்தியம் பண்ணிட்டான், அவன் சொல்லல. அப்ப யாரு? கஞ்சி ஊத்துனவதான். வெளியூருக்காரிதான. புருசன் பொண்டாட்டி மயக்கத்துல ஒளறியிருப்பான், இவ கொண்டு போயிக் காட்டியிருப்பான்னு முடிவே கட்டிட்டாக. "புள்ள வஸ்தாது வீட்டுது. நீ ஒங்க அப்பன் வீட்டுக்குப் போயிரு"ன்னு ஊரு கூடித் தீர்ப்பு. நாலு நாளு தவணை.

புருசன் என்ன சொன்னான்? ஒண்ணும் சொல்லல. தலையக் குனிஞ்சவன் நிமிரவே இல்ல. எனக்கு அதுதான் ஆத்தமாட்டாம வருது.

நாலாம் நாளு காலையில பேராச்சி புள்ளைய இடுப்புல வச்சுக்கிட்டு, கப்பக்காரனும் ஊரும் கூடி நின்ன கோதாவுக்கு நேரா வந்துட்டா. பொம்பள கால் வைக்காத எடம் அது.

"மாமா, நண்டுப்பிடியில மாட்டினவன் தப்புததுக்குக் கழட்டு உண்டா?"ன்னு கேட்டா.

"உண்டு."

"அது ஒங்க மகனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. எனக்கு மட்டுந்தான் தெரியும். அவனுக்கு நான் இன்னும் சொல்லிக் குடுக்கல."

"அப்ப அவுகளுக்கே தெரியாதத நான் யாருக்கும் சொல்லியிருக்க முடியாது. நீங்க எறங்குங்க. அந்தாளு பிடிக்கட்டும், நீங்க கழட்டுங்க. அவன் விழுந்தா, திருட்டுப் பிடி மட்டுந்தான் அவங்கிட்ட இருக்கு. நான் புள்ளைய இங்கனயே எறக்கி வச்சுட்டுப் போறேன். விழலன்னா, நம்ம வீட்டுல இல்லாத வித்தை அவங்கிட்ட இருக்குன்னு அர்த்தம். அப்ப என்ன செய்யணும்னு நான் சொல்லுவேன்."

வஸ்தாதுக்கு வயசு அறுவது தாண்டியாச்சு. மருமவ மொகத்தப் பாத்தாரு. வேட்டியத் தார்பாய்ச்சிக் கட்டினாரு. எறங்கினாரு.

கப்பக்காரன் சுத்தி வந்தான். போட்டான் நண்டுப்பிடி. கெழவரு வலது மண்டி போட்டு, தோள உள்வாக்குல திருப்பினாரு. அதுதான் கழட்டு. அதப் போட்டா பிடிச்சவன் விழுந்துரணும். பேராச்சி புள்ளைய நெஞ்சோட இறுக்கிக்கிட்டா.

அவன் விழலய்யா. அவரு கூடவே அவனும் மண்டி போட்டான். தோளுக்குத் தோளு குடுத்தான். பிடி இன்னும் இறுகிப் போச்சு.

கெழவரு மண்ணுல கெடந்தபடியே அழுதாரு. வலியில இல்ல. வஸ்தாது வாலிபமா இருக்கையில அவரு அப்பன் ஒரு நாளு இப்படித்தான் கூடவே மண்டி போட்டு, அவரு கழட்டையே மாத்திக் கட்டிப் போட்டாராம். "சொல்லிக் குடுங்கப்பா"ன்னதுக்கு, "கொஞ்ச நாளு பொறுல"ன்னாராம். அந்த வாரமே வாந்திபேதியில போயிட்டாரு. அந்த வித்தை மண்ணோட போச்சுன்னு நெனச்சிருந்தாரு வஸ்தாது. அது கடலுக்கு அந்தப் பக்கத்துலேருந்து வந்து அவரு மேல படுத்திருக்கு.

எந்திரிச்சு மண்ணத் தட்டிக்கிட்டு ஊரப் பாத்துச் சொன்னாரு: "எனக்கே தெரியாதது இவனுக்குத் தெரியுது. என் வீட்டுலேருந்து போனதில்ல இது. மனுசனுக்குக் கழுத்து ஒண்ணு, இடுப்பு ஒண்ணு, காலு ரெண்டு. எந்தச் சீமையிலயும் அவ்வளவுதான். கட்டிப் புரண்டு பாத்தவன் எல்லாரும் சுத்திச் சுத்தி இங்கதாம்ல வந்து சேரணும்." பொறவு கப்பக்காரனத் தொட்டு, "ஒங்க ஊருல இதுக்கு என்னப்பா பேரு?"ன்னு சாடையில கேட்டாரு. அவன் சொன்னான். ஒருத்தர் வாயிலயும் அது நுழையல.

அப்பத்தான் ஊய்க்காட்டானுக்கு வாய் தொறந்துச்சு. "வா, வீட்டுக்குப் போவோம்"ன்னான்.

பேராச்சி அசையல. "ஊரு கூடிப் போட்ட பழி. ஊரு கூடித்தான் எடுக்கணும்."

வஸ்தாது குனிஞ்சு ஒரு கை கோதா மண்ணு அள்ளினாரு. அவரு கையால மண்ணு வாங்கினாத்தான் மல்லன், அதுதான் அங்க மொறை. அந்த மண்ண மருமவ கையில குடுத்து, "இனி நீ குடு தாயி"ன்னாரு. அவ கப்பக்காரனுக்கு முதல்ல குடுத்தா. பழி சொன்ன ஊரு இளவட்டங்களுக்கெல்லாம் வரிசையாக் குடுத்தா. ஊய்க்காட்டானும் கைய நீட்டிக்கிட்டே நின்னான்.

இன்னைக்கும் வெள்ளமணல் கோதாவுல மண்ணு எடுத்துக் குடுக்கது வெளியூர்லேருந்து வந்த மருமவதான். செயிச்சவன் தோத்தவனத் தூக்கிவிட்டு, "ஒங்க ஊருல இதுக்கு என்ன பேரு?"ன்னு கேக்கணும், கேக்காமக் கரையேறக் கூடாது. மண்ணு முதல்ல வெளியூரானுக்கு, பொறவு ஊரானுக்கு. வஸ்தாது வீட்டு ஆம்பள எம்புட்டுப் பெரிய கொம்பனா இருந்தாலும் கடைசி ஆளாத்தான் கைய நீட்டணும். அன்னைக்குப் பேராச்சி தன் புருசனுக்கு, எல்லாரும் பாக்க, கடைசியாத்தான் குடுத்தா.