தள்ளணுமா, மாறணுமா?

மேல இருக்க வெங்கல உருளியா? வேண்டாம் சாரே, கீழ இருக்கதப் பாருங்க. இந்தக் கடையில ஏணிய எடுத்தே நாலு வருசமாச்சு. எதிர்த்தாப்புல லாட்டரி விக்கானே லிங்கம்... ஒரு கால இழுத்து நடப்பான்லா... நம்ம கடையில நின்னவன்தான். ஏணியில இருந்து விழுந்துதான் அந்தக் கதி.

தெனமும் நான் ஷட்டர் தூக்கும்போது கையக் காட்டி, "அண்ணாச்சி, சொகந்தானே?"ம்பான். சிரிச்சுக்கிட்டே! ரெண்டு ஏச்சு ஏசினா நமக்கும் ஒரு நிம்மதி. சிரிச்சா மனுசன் என்ன செய்ய?

எங்க சபைக்குக் கவுன்சிலிங் குடுக்க ஒரு டாக்டரம்மா வந்தாங்க. கண்ணாடி முன்னால நின்னு தன்னத்தானே மன்னிக்கணுமாம். நானும் டெய்லி சவரம் பண்ணும்போது, "ஞானசிகாமணி, ஒன்ன மன்னிச்சிட்டேன்"னு மூணு தரம் சொல்லுதேன். கன்னம் கீறினதுதான் மிச்சம்! வீட்டுக்காரி அடுக்களையில இருந்து கேக்கா, "நீங்கதான் ஒண்ணும் செய்யலியே, பின்ன எதுக்கு மன்னிப்பு?"

செய்யலதான்! அன்னைக்கு லிங்கம் உருளியும் கையுமா ஏணியில நிக்கான். அடியில ஸ்ரீஜித்து, மலையாளத்துப் பய, வேலைக்கு வந்து பத்து நாளு. அவன் தலையில உருளி விழுந்திரப்பிடாதேன்னு, "தள்ளுடே!"ன்னேன். நாம "விலகி நில்லு"ங்கதுக்கும் "தள்ளு"ன்னுதானே சொல்லுவோம்? அவன் பாஷையில தள்ளுன்னா தள்ளுறது மட்டுந்தான். தள்ளிட்டான்... ஏணிய!

பாஷைக் கொழப்பம்னு எல்லாரும் சொன்னாங்க. "பாவம், அவனுக்குப் புரியல"ன்னு லிங்கம் ஆசுபத்திரியில படுத்துக்கிட்டே ஸ்ரீஜித்த மன்னிச்சான். அந்தப் பய அழுதுக்கிட்டே கல்ஃபுக்குப் போனான்.

என்னது, எனக்கு மலையாளம் தெரியாதான்னா? நல்லாருக்கு சாரே! இந்த மலையாளத்து மண்ணுல, பழவங்காடியில, முப்பது வருசமா பாத்திரக்கடை! நான் பேரம் பேசினா மலையாளிகளே தோத்துப் போவாங்க. விலகுங்கதுக்கு அவன் பாஷையில "மாறு"ன்னு ஒத்த வார்த்த, அது போதும்... ஆனா நம்ம கடைக்குள்ள தமிழ்தான்னு ஒரு வீம்பு. வந்த அன்னைக்கே அவன் கேட்டான், "அண்ணாச்சி, தள்ளுன்னா தள்ளணுமா, மாறணுமா?"ன்னு. நான் சிரிச்சேன். "போகப்போகப் புரியும்டே"ன்னேன்...

இத ஒருத்தர்ட்டயும் சொன்னதில்ல, கேட்டேளா. வீட்டுக்காரிட்ட கூட. எனக்கு வெக்கமா இருக்கு. லிங்கம் மன்னிச்சது ஸ்ரீஜித்தயில்லா? என்னைய இல்லியே... நான் என்ன செஞ்சேன்னு அவனுக்குத் தெரியவே தெரியாதே. நான் என்னத்துக்குக் கண்ணாடியப் பாத்துப் பேசிக்கிட்டுக் கெடக்கேன்?

சாரே, ஒரு அஞ்சு நிமிசம் கடையப் பாத்துக்கிடுங்க. எதிர்த்தாப்புல போயிட்டு வந்திருதேன். வாசல்ல நிக்காதீங்க... கொஞ்சம் தள்ளுங்க... அய்யோ, இல்ல, மாறுங்க! மாறி நில்லுங்க சாரே!