இடது பக்கத்துக் கிளை

இல்ல தம்பி, நீங்க உக்காருங்க, நான் ஒண்ணும் தப்பா நினைக்கல. சும்மா கேக்கறேன். இந்த மரத்தப் பாக்க வந்தவங்க எல்லாரும் மொதல்ல எலையத்தான் பாப்பாங்க. அதுவும் இந்த மாசம் எப்படிச் செவந்து நிக்குது பாருங்க. கேஸ் சிலிண்டர் போட வந்த ஆளு, சிலிண்டரத் தோள்லேர்ந்து எறக்காமயே நின்னு பாத்துட்டுப் போனான். நீங்க எலையப் பாக்கவே இல்ல. பால்கனிக்கு வந்தீங்க, நேரா குனிஞ்சீங்க, இடது பக்கத்துக் கீழ்க்கிளையத் தேடிப் பாத்தீங்க. அதுல ஒரு தழும்பு இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

சும்மா பாத்தீங்க. சரி, அப்படியே வச்சுக்குவோம்.

டீ சூடா இருக்கும், மெதுவா குடிங்க. நான் வந்து முப்பத்தோரு வருஷம் ரயில்ல டிக்கெட் பரிசோதகரா இருந்தவன். பெட்டியில ஏறின உடனே தெரிஞ்சிடும், யாருகிட்ட டிக்கெட் இல்லன்னு. இல்லாதவன் தூங்குவான். கண்ண இறுக்கி மூடிக்கிட்டு அழகாத் தூங்குவான். நெசமாத் தூங்குறவனுக்கு வாய் தொறந்திருக்கும். என் சம்சாரம் உயிரோட இருந்தப்ப சொல்லுவா, உங்களுக்கு அந்தக் கறுப்புக் கோட்டக் கழட்டவே தெரியல, சாம்பார் ஊத்துனாக்கூட எங்கேர்ந்து வருதுன்னு கேக்குறீங்கன்னு. என்ன பண்றது, பழகிப்போச்சு.

நீங்க எம் பொண்ணோட ஆபீஸ்ல கூட வேலை பாக்கறவர்னு சொன்னீங்க. வேலை விஷயமா இந்த மலை ஊருக்கு வந்தேன், அப்படியே மரத்த ஒரு எட்டுப் பாத்துட்டு வரச் சொன்னாங்கன்னீங்க. சந்தோஷம். இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. எந்த ஆபீஸ் தம்பி ஞாயித்துக்கிழமை தொறந்திருக்கு? உங்க கார் கண்ணாடி பூரா பூச்சி அப்பியிருக்கு, மேலேர்ந்தே பாத்தேன். அவ ஊர்லேர்ந்து ஏழு மணி நேரம் எங்கயும் நிக்காம வந்திருக்கீங்க. பின் சீட்டுல ஒரு காலி அட்டைப்பெட்டி வேற.

இல்ல இல்ல, கோவம் எல்லாம் இல்ல. மரத்தப் பத்திக் கேட்டீங்கல்ல, சொல்றேன்.

இது ஜப்பான் மேப்பிள். தரையில விட்டா ரெண்டு ஆள் உயரம் போயிடும். இப்படித் தட்டுல வச்சு, வேர வெட்டி, நுனியக் கிள்ளி, ஒரு முழத்துலயே நிறுத்தி வைக்கணும். எம் பொண்ணு வாங்கிட்டு வந்தப்ப பென்சில் தடிமன்தான். நான் கேலி பண்ணுவேன், ஏம்மா, மரம்னா நிழல் தரணும், இது எறும்புக்கே காணாதேன்னு. அவ காதுலயே வாங்க மாட்டா. அலுமினியக் கம்பிய கிளையச் சுத்தி, எந்தப் பக்கம் போகணுமோ அந்தப் பக்கம் கொஞ்சம் கொஞ்சமா வளைப்பா. மூணு நாலு மாசத்துல கிளை அப்படியே நின்னுடும். நின்ன உடனே கம்பியத் துண்டு துண்டா வெட்டி எடுத்துடணும். விட்டோம்னா கிளை பருத்து, கம்பி பட்டைக்குள்ள இறங்கிடும். சுருள் சுருளாத் தழும்பு விழுந்தா லேசுல போகாது.

ஒரு கோடையில அவ கம்பிய மறந்துட்டா. ஜுரத்துல கெடந்தப்பகூட எழுந்து வந்து தண்ணி ஊத்தினவ, மறந்துட்டா. எனக்கு அப்பவே சந்தேகம். ஆசை ஆசையா வளத்த மரத்த அப்படியே விட்டுட்டு, ஒருத்தி போனக் காதுல வச்சுக்கிட்டு மொட்டைமாடியில நடக்குறான்னா, அந்தப் பக்கம் யாரோ இருக்கான்னுதானே அர்த்தம்? நான் கேட்டேன். ஆமாப்பான்னு சொல்லிட்டா. பொய்யாவது சொல்லியிருக்கலாம். நான் வேற எடம் பாத்து வச்சிருந்தேன், பேசி முடிச்சாச்சு. பெரிய சண்டை. என் வாய் சும்மா இருக்காது. இந்த வாசலத் தாண்டினா திரும்ப மிதிக்காதேன்னு சொல்லிட்டேன்.

சொன்னது நான்தான். அவ தாண்டிட்டா.

ரெண்டு பெட்டி மட்டும் எடுத்துட்டுப் போனா. மரத்தப் பஸ்ல கொண்டு போனா கிளை ஒடிஞ்சிடும்னு விட்டுட்டா. நாலு நாள் கழிச்சு ஒரு மெசேஜ். மாசம் ஒண்ணாந்தேதி மரத்தோட போட்டோ அனுப்புங்க. அவ்வளவுதான். ஒரு அப்பான்னு இல்ல, ஒண்ணும் இல்ல. ஏதோ கரண்ட் ஆபீசுக்கு எழுதின மாதிரி.

ஆறு வருஷம் ஆச்சு தம்பி. ஒரு மாசம் விட்டதில்ல. பதில் வரும். தண்ணி ஜாஸ்தி. மத்தியான வெயில் வேண்டாம், எலை ஓரம் கருகுது. நுனியக் கிள்ளுங்க. எப்படி இருக்கீங்கன்னு ஒரு வார்த்தை வராது. ஆனா அந்த ஒத்த வரிக்காக நான் எல்லாத்தையும் கத்துக்கிட்டேன். தளிர் ஜோடி ஜோடியா வரும் பாருங்க, ஒரு ஜோடிய விட்டுட்டு நடுவுல இருக்குற குருத்தக் கிள்ளிடணும். நகத்தால கிள்ளக் கூடாது, இந்தச் சின்னக் கத்தரி. ரெண்டு வருஷத்துக்கு ஒரு தடவை, மொட்டு விரியறதுக்கு முன்னாடி தட்டுலேர்ந்து எடுத்து வேர்ல மூணுல ஒரு பங்க வெட்டணும். மொத தடவை வெட்டுறதுக்கு முன்னாடி சாமி கும்பிட்டுட்டுத்தான் கத்தரியத் தொட்டேன். பரிசோதகர் வேலையில ரவுடிப் பசங்களயெல்லாம் காலரப் பிடிச்சு எறக்கியிருக்கேன், இதுக்குச் சாமி கும்பிட்டேன்.

ஒரே ஒரு தடவை லேட்டாச்சு. வயித்துல ஆபரேஷன், ஆஸ்பத்திரியில கெடந்தேன். அஞ்சாந்தேதி போன் அடிக்குது, அவ. மரத்துக்கு என்னாச்சுன்னு கேட்டா. குரல் ஒரு மாதிரி இருந்துச்சு. மரம் நல்லா இருக்கும்மான்னேன். ஒரு நிமிஷம் போன வைக்கவே இல்ல. மூச்சு மட்டும் கேட்டுச்சு. அப்புறம் வச்சுட்டா. அந்த ஒரு நிமிஷத்த நான் எத்தனை தடவை நினைச்சிருப்பேன்னு எனக்கே தெரியாது.

அதனாலதான் கேக்கறேன். ஆறு வருஷம் இல்லாம இப்ப திடீர்னு ஆள் அனுப்பி மரத்தப் பாக்கச் சொல்றான்னா, யாரோ ஏதோ ஓதியிருக்காங்க. மேல் வீட்டம்மா சொன்னாங்களா? அவங்ககிட்ட இவ நம்பர் இருக்கு. செடிக்குத் தண்ணி ஊத்துற சாக்குல என் பால்கனியத்தான் எட்டிப் பாப்பாங்க, பாதித் தண்ணி என் தலை மேல. இல்லன்னா நர்சரிக்காரன். அவனுக்கு வாய் நீளம். போன வாரம் மண்ணு வாங்கப் போனப்பக்கூட, என்ன சார், உங்க மரம் எப்படி இருக்குன்னு கேட்டுட்டு, ஒரு சிரிப்புச் சிரிச்சான்.

யாரும் சொல்லலையா? சரி. அப்ப இன்னொண்ணு கேக்கறேன், இதுக்குப் பதில் சொல்லிட்டு டீயக் குடிங்க. இந்தப் பால்கனிக் கதவு இருக்கே, இத லேசாத் தூக்கித் தள்ளினாத்தான் தொறக்கும். மெக்கானிக் வந்தாக்கூட மொத தடவை திணறுவான். நீங்க வந்தீங்க, கைப்பிடியப் பிடிச்சீங்க, தூக்கித் தள்ளினீங்க. வழுக்கிட்டுப் போச்சு. இந்த வீட்டுல இருந்தது மூணே பேரு. அதுல ஒருத்தி செத்துட்டா. நான் உங்களுக்குச் சொல்லல.

ஏன் தலையக் குனியறீங்க? நிமிருங்க. மொட்டைமாடியில நடந்தப்ப அந்தப் பக்கம் இருந்தது நீங்கதானே?

ம். பெட்டியில ஏறின உடனேயே தெரிஞ்சுது எனக்கு.

இல்ல, உக்காருங்க, எங்க எழுந்திரிக்கிறீங்க? டீய முடிங்க மாப்ள. ஆமா, அப்புறம் என்னன்னு கூப்பிடுறது? ஆறு வருஷம் ஆச்சு, இனிமே தம்பின்னா நல்லாவா இருக்கும்? அது கெடக்கட்டும். கதவப் பத்தியெல்லாம் உங்ககிட்ட சொல்லுவாளா? வேற என்ன சொல்லுவா? அந்தக் கறுப்புக் கோட்டு கதையா? அடிப்பாவி. சிரிச்சுக்கிட்டே சொன்னாளா, இல்ல கோவமாவா?

சிரிச்சுக்கிட்டா. சரி.

இருங்க, கண்ணாடியத் தொடச்சுக்கறேன். டீ ஆவி.

பெட்டி மரத்துக்குத்தான்னு தெரியும். நான் மிதிக்காதேன்னு சொன்னதால அவ வரல, நீங்க வந்திருக்கீங்க. அவ மரம், அவ கேக்கறா. நான் என்ன சொல்ல முடியும்? ஆனா ஒண்ணாந்தேதி வந்தா நான் எதப் போட்டோ எடுக்கறது? அதையும் யோசிச்சாளா அவ? சரி விடுங்க. இப்பவாவது சொல்லுங்க, அந்தத் தழும்ப எதுக்குப் பாக்கச் சொன்னா? என்னைப் பரிசோதிக்கவா?

ஓ.

உங்க ரெண்டு பேரும் பழக ஆரம்பிச்ச கோடைன்னா? அதுக்காகவா? அதப் போட்டோவுல பெருசு பண்ணிப் பண்ணிப் பாப்பாளா?

நான் வேற மாதிரி நினைச்சுட்டேன் மாப்ள.

எடுத்துட்டுப் போங்க. பெட்டி வேண்டாம், ஆடும். பின்னாடி சீட்டுக்குக் கீழ, கால் வைக்கிற எடத்துல வச்சு, சுத்திப் பழைய துணிய அடைச்சிடுங்க. ஏசிக் காத்து நேரா அடிக்கக் கூடாது. போன உடனே தண்ணி ஊத்தாதீங்க, மண்ணுல வெரல வச்சுப் பாத்துட்டு ஊத்துங்க. அப்புறம், குளிர்காலத்துல வீட்டுக்குள்ள எடுத்துட்டு வந்துடாதீங்க. எலையெல்லாம் கொட்டி, பனியில வெறும் குச்சியா நிக்கும். பாக்கப் பாவமா இருக்கும். நிக்கட்டும். அது அந்தக் குளிர்ல தூங்கணும். நான் மனசு கேக்காம எடுத்துட்டு வந்து ஹீட்டர் பக்கத்துல வச்சேன். நடுக் குளிர்ல தளிர் விட்டுச்சு. எனக்குத் தலைகால் புரியல. ஒண்ணாந்தேதி அனுப்பி அவள அசத்திடணும்னு அஞ்சு நாள் பொத்தி வச்சேன். அதுக்குள்ள தளிரெல்லாம் வெளுத்துத் தொங்கிடுச்சு. அவ மரம் அதோட சரி.

ஆமா. அவ போன மொத வருஷமே.

இது நர்சரியில வாங்கினது. அவளோட பழைய போட்டோவக் கையில வச்சுக்கிட்டு ஏழெட்டு நர்சரி அலைஞ்சேன். அது கெடைக்கிற வரைக்கும் செத்த மரத்தையே அனுப்பினேன், குளிர்காலத்துல தூங்குற குச்சியும் செத்த குச்சியும் போட்டோவுல ஒண்ணுதான். அப்புறம் வலது பக்கமே நின்னு எடுத்துக்கிட்டு, இந்தக் கிளையில கம்பியச் சுத்தி ரெண்டு கோடை அவுக்காம விட்டேன். பட்டைக்குள்ள இறங்கறதத் தினமும் பாத்துக்கிட்டே இருந்தேன். வெட்டிடலாம்னு கத்தரிய எடுப்பேன், திரும்ப வச்சுடுவேன். அந்தத் தழும்பு உங்க கோடையில விழுந்தது இல்ல மாப்ள. நான் போட்டது.

அவகிட்ட சொல்றதும் சொல்லாததும் உங்க இஷ்டம். இப்பவும் இதுதான் வேணும்னா, அந்தப் பக்கம் பிடிங்க. ஆபரேஷனுக்கு அப்புறம் எனக்குத் தனியாத் தூக்க முடியறதில்ல.