நல்ல கிட்னியையும் திறந்து பார்க்கச் சொன்னவர்

கோவையிலிருந்து திருப்பூர் போகும் பேருந்தில், என் முன் இருக்கையில் ஓர் அண்ணனும் தங்கையும் இருந்தார்கள். தங்கையின் மடியில் அவளுடைய மூன்று வயது மகள் தூங்கினாள்.

"பாப்பா வயித்தை அறுக்கறதுதான் அறுக்கறாங்க. அந்த நல்ல கிட்னியையும் ஒருக்காத் தொறந்து பாத்துரச் சொல்லலாம் அம்மிணி," என்றார் அண்ணன்.

நான் பார்த்துக்கொண்டிருந்த போனைப் பைக்குள் வைத்துவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன்.

"அப்படியே இதயம், நுரையீரல் எல்லாத்தையும் பாத்துரச் சொல்லட்டுங்களா? புத்துக்கட்டி ஒரு கிட்னியிலதானுங்கண்ணா. இன்னொண்ணு சுத்தமா இருக்குதுன்னு ஸ்கேன்லயே தெரிஞ்சுருச்சு. முந்தியெல்லாம் அதையும் தொறந்து பாப்பாங்களாம், இப்ப தேவையில்லைன்னு டாக்டர் சொன்னப்ப நீங்களுந்தான தலையாட்டுனீங்க?"

"என்ன இருந்தாலும் கண்ணுல பாக்கற மாதிரி வருமா?"

"செரிங்க. உங்க கம்பெனியில வெளிநாட்டுக்கு அனுப்பற குழந்தைத் துணிக்குள்ள ஒடஞ்ச ஊசி இருக்குதான்னு தையலைப் பிரிச்சா பாக்கறீங்க?"

"பிரிச்சா துணி வீணாப் போயிருமே! ஊசி கண்டுபிடிக்கற மெஷின்ல உட்டு எடுப்போம்."

"அப்ப வெளிநாட்டுக்காரன் குழந்தை துணிக்கு மெஷின் போதும், எம்புள்ள வயித்துக்கு மட்டும் கத்தி வேணும். நல்ல நாயமுங்க!"

அண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வயிற்றை அழுத்தக் கூடாது என்று மருத்துவமனையில் சொல்லியிருப்பார்கள் போல. தங்கையின் கை குழந்தையின் வயிற்றுக்கு மேலே, தொடாமலே நின்றது. பல்லடம் தாண்டியதும் மெல்லக் கேட்டாள்.

"ஏனுங்கண்ணா, அந்த மெஷின் ஒருக்காக் கூட ஊசியைத் தவறவிட்டதில்லீங்களே?"