காலர் பட்டன்

காலர் பட்டனைக் கழுத்துவரை போட்டிருக்கிறீர்கள், ஐயா. மின்விசிறி பேருக்குத்தான் சுற்றுகிறது, வியர்வை வழிகிறது, ஆனாலும் நீங்கள் கழற்றவில்லை. நல்ல பழக்கம். எங்கள் ரேஞ்சுக்குச் சுடப் பழக வந்தால் உங்களுக்கு முதல் பாடத்தைச் சொல்லவே வேண்டியிருக்காது.

துப்பாக்கி சுடும் பயிற்சிக் கூடத்தைத்தான் ரேஞ்ச் என்போம். நான் அங்கே மேற்பார்வையாளர். சுடத் தெரிந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், சுடும் இடத்தில் நடந்துகொள்ளத் தெரிந்தவர்கள்தான் குறைவு. சிவப்பு விளக்கு எரிந்தால் சுடலாம். அப்போது யாரும் மேஜை மட்டத்துக்குக் கீழே குனியக் கூடாது. பச்சை விளக்கு எரிந்தால் துப்பாக்கியைக் காலி செய்து மேஜையில் வைத்துவிட்டு, தரையில் கிடக்கும் காலிக் கூடுகளைப் பொறுக்கிக்கொள்ளலாம். தோட்டா போன பிறகு பிஸ்டல் வெளியே துப்புகிற பித்தளைக் கூடு இருக்கிறதே, அதைச் சொல்கிறேன். அவரவர் கூடு அவரவருக்கு. அடுத்தவர் கூடு வேண்டுமென்றால் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுக்க வேண்டும். கோட்டுக்கு அப்பால் உருண்டது ரேஞ்சுக்குச் சொந்தம். இதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

என் மச்சானுக்குப் புரியவில்லை. என் மனைவியின் அண்ணன். லேத் பட்டறை வைத்திருந்தார், தனி ஆள், கல்யாணம் காட்சி எதுவும் செய்துகொள்ளவில்லை. நல்ல மனுஷன்தான், அதை இப்போதும் சொல்வேன். அவர் உள்ளே நுழைந்தால் கூடமே கலகலப்பாகிவிடும். ஆனால் விளக்கு சிவப்பா பச்சையா என்று பார்க்க மாட்டார். தொப்பியைக் கழற்றிக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு, குந்தினாற்போல நகர்ந்து நகர்ந்து கூடுகளை அள்ளுவார். அவருடையதை மட்டும் அல்ல. பல் டாக்டருடையது, பள்ளிக்கூட வாத்தியாருடையது, என்னுடையது, எல்லாம் அதே தொப்பியில். பட்டறைக்குக் கொண்டுபோய்க் கடைந்து, சாவி வளையமும் பேனா மூடியும் செய்து, கூட்டுக்குச் சொந்தக்காரருக்கே பரிசாகக் கொடுப்பார். அவர்களுக்கோ வாயெல்லாம் பல். அவரவர் பொருளை அவரவருக்கே கொடுத்து நல்ல பேர் வாங்குகிற வித்தை எனக்குக் கைவரவில்லை.

ஒருநாள் எல்லார் முன்னாலும் கண்டித்தேன். அவர் தொப்பியைக் குலுக்கிக் காட்டினார்.

“மாப்பிள்ளை, கீழ விழுந்ததுல உங்க பேரா எழுதியிருக்கு?”

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்த என் மனைவியும் சிரித்தாள். டிபன் பாக்ஸைக் கீழே வைத்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்து வெகுநாளாகியிருந்தது. எனக்கு அது வலித்தது. மறைப்பானேன்.

வீட்டைப் பற்றியும் கேட்டீர்கள். எங்கள் வீடு ஒழுங்கான வீடு. செருப்பு வாசலில் நேராக இருக்கும். தம்ளர் கவிழ்த்துத்தான் இருக்கும். அவள் கடைக்குப் போனால் எந்தக் கடை, எப்போது வருவாள் என்று சொல்லிவிட்டுப் போவாள். நான் ஒருநாளும் அவள்மேல் கை வைத்ததில்லை, அக்கம்பக்கத்தில் விசாரித்துப் பாருங்கள். தப்பு செய்தால் பேச மாட்டேன், அவ்வளவுதான். அவளாக என்ன தப்பென்று கண்டுபிடித்துச் சரிசெய்கிறவரை பேச மாட்டேன். ஒரு தடவை அது மழைக்காலம் முழுக்க நீண்டுவிட்டது. அவள் தேம்பித் தேம்பி அழுதாள். அதற்கு நான் என்ன செய்ய முடியும், சமையலறைக் கத்தி இடம் மாறியிருந்ததை அவள்தானே பார்த்திருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு ஒருநாள் அவள் கைப்பையைச் சுத்தம் செய்துகொண்டிருந்தேன். அடியில் ஒரு சாவி இருந்தது. எங்கள் வீட்டுச் சாவி இல்லை. அதை மாட்டியிருந்த வளையத்தில் ஒரு பித்தளைக் கூடு, பளபளவென்று கடைந்து தொங்கியது. கூட்டைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தேன். தோட்டாவின் அடியில் குத்தி வெடிக்கவைக்கிற ஊசி என் பிஸ்டலில் நடுவில் குத்தாது, கொஞ்சம் ஓரமாகக் குத்தும். தழும்பு ஓரத்தில் இருந்தது. என் கூடு.

அவளைக் கேட்டேன். அவள் பொய் சொல்கிறவள் அல்ல. அண்ணன் வீட்டு மாடி அறைச் சாவி என்றாள். “எப்ப வேணும்னாலும் வந்துடு, காரணம் கேக்க மாட்டேன்” என்று கொடுத்தாராம். போகப் போகிறாயா என்று கேட்டேன். யோசிக்கிறேன் என்றாள்.

யோசிக்கிறாளாம். அவள் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன். யாருக்காக அந்தத் தம்ளரைக் கவிழ்ப்பது? நான் அவளை எவ்வளவு நேசிக்கிறேன் என்று உங்களுக்குச் சொன்னால் புரியாது, ஐயா. நான் கோபப்படவில்லை. சாவியைத் துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். அதோடு, நீயும் சுடக் கற்றுக்கொள்ளேன், நானே சொல்லித் தருகிறேன் என்றேன். அவளுக்கு நம்ப முடியவில்லை. மச்சானுக்கு அவளைவிடச் சந்தோஷம். ஞாயிறு காலையில், உறுப்பினர்கள் வருவதற்கு முன்னால், நாங்கள் மூவர் மட்டும் என்று ஏற்பாடு. இடது ஓரத்தில் நான், நடுவில் அவள், வலது பக்கம் மச்சான்.

இங்கே எங்கள் ரேஞ்சின் பழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். புதிதாக யார் வந்தாலும், எவ்வளவு பெரிய மனிதராக இருந்தாலும், முதல் நாள் நான் ஒரு குண்டு சுடுவேன். வெளியே விழுந்த கூட்டை இடுக்கியால் எடுத்து, சூடு ஆறுவதற்குள் அவர் உள்ளங்கையில் வைத்து விரல்களை மடக்கிவிடுவேன். துள்ளுவார்கள். விட மாட்டேன். சுடும், ஆனால் உயிர் போகாது, இது சட்டைக்குள் விழுந்தாலும் இவ்வளவுதான் என்பேன். வெந்தால் வேகட்டும், துப்பாக்கியின் முனை மட்டும் இலக்கை விட்டுத் திரும்பக் கூடாது, மேஜையில் வைத்த பிறகு எவ்வளவு வேண்டுமானாலும் குதியுங்கள் என்பேன். உடம்புக்கு ஒரு தடவை தெரிந்துவிட்டால் அது மறக்காது. காலர் பட்டன் முதல் பாடம், இது இரண்டாவது. இந்த இரண்டையும் சொல்லித் தராமல் ஒருவர் கையிலும் நான் துப்பாக்கி கொடுத்ததில்லை.

அவளுக்கு மட்டும் சொல்லித் தரவில்லை. அவள் கை சிவந்துபோகும். மனசு வரவில்லை.

பட்டன் பாடத்துக்கும் அவசியம் இல்லாமல் போயிற்று, ஏனென்றால் நான் வாங்கிக் கொடுத்த சட்டையில் கழுத்தருகே பட்டனே கிடையாது. அகலக் கழுத்து, இளநீல நிறம். நான் அவளுக்குத் துணி எடுத்துக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. கண்ணாடி முன்னால் நின்று முன்னும் பின்னும் திரும்பிப் பார்த்துக்கொண்டாள். ஞாயிறுதோறும் அதையே போட்டுக்கொண்டு வந்தாள். நிற்கும் இடங்களுக்கு நடுவே ஒட்டுப்பலகைத் தடுப்பு இருக்கும், பக்கத்தில் இருப்பவர் கூடு நம்மேல் விழாமல் இருக்க. அந்தத் தடுப்புகளுக்குப் பெயின்ட் அடிக்க வேண்டியிருந்தது. கழற்றிப் பின்கட்டில் சாய்த்து வைத்தேன். பெயின்ட் உண்மையாகவே உரிந்துதான் இருந்தது, போய்ப் பாருங்கள்.

என் பிஸ்டல் கூட்டை வலப்பக்கம் துப்பும். அவள் நின்றது என் வலப்பக்கம். அவள் பிஸ்டலும் வலப்பக்கம்தான் துப்பும், அங்கே மச்சான் நின்றார். தங்கை சுட்ட கூடு என்றால் அவருக்குத் தனிப் பிரியம். அவள் சுடச் சுட அவர் தொப்பியோடு குனிந்துவிடுவார். சிவப்பு விளக்கு தலைக்கு மேலே எரிந்துகொண்டிருக்கும். அந்த ஞாயிறுகளில் நான் அவரை ஒரு வார்த்தை கண்டிக்கவில்லை. அவருக்கே அது ஆச்சரியம்.

“பாத்தியா, உன் வீட்டுக்காரர் திருந்திட்டாரு” என்றார் அவளிடம்.

உடனே எதுவும் நடந்துவிடவில்லை. கூடு என்பது நாம் சொன்ன இடத்தில் போய் விழுகிற பொருள் அல்ல. ஒரு வாரம் அவள் தோளில் பட்டு விழுந்தது. ஒரு வாரம் முடியில் சிக்கியது, சிரித்துக்கொண்டே உதறிவிட்டாள். நான் நிற்கும் இடத்தைக் கொஞ்சம் பின்னால் தள்ளிக்கொண்டேன், கையைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டேன். வாரம் ஒரு சிறு திருத்தம். குறி பழகுகிறவர்கள் எல்லாரும் அப்படித்தான் பழகுவார்கள்.

அந்த ஞாயிறு அது சரியாக விழுந்தது. அவள் வீல் என்று கத்தினாள். இடது கை நெஞ்சுக்குப் போயிற்று, உடம்பு வலப்பக்கம் முறுக்கிக்கொண்டது, வலது கையும் கூடவே திரும்பியது. சத்தம் ஒன்றே ஒன்றுதான். மச்சான் குனிந்த வாக்கிலேயே முன்னால் சாய்ந்தார். தொப்பியில் இருந்த கூடுகள் தரையெங்கும் உருண்டு ஓடின, அந்த ஓசை அடங்கக் கொஞ்ச நேரமாயிற்று.

நான் முதலில் பச்சை விளக்கைப் போட்டேன். அதுதான் முறை. பிறகு அவள் கையிலிருந்த பிஸ்டலை வாங்கிக் காலி செய்து மேஜையில் வைத்தேன். அதற்குப் பிறகுதான் மச்சானைப் பார்த்தேன். பார்க்க ஒன்றும் இருக்கவில்லை. அவள் சட்டைக்குள் இருந்த கூடு நழுவிக் காலடியில் கிடந்தது. எடுத்துப் பையில் போட்டுக்கொண்டேன். அன்று நீங்கள் வந்து தரையெல்லாம் தேடினீர்கள். என்னைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன். என் கூட்டை நான் எடுத்தேன், அதில் மறைக்க என்ன இருக்கிறது?

கைதவறி நடந்த விபத்து என்று நீங்களே முடிவு செய்தீர்கள். புதிதாகப் பழகும் பெண், விதியை மீறிக் குனிந்த அண்ணன். நீங்கள் முடிவு செய்ததில் ஒரு சொல் பொய் இல்லை. மச்சான் இருந்தது வாடகை வீடு. சாவியை நானே கொண்டுபோய் வீட்டுக்காரரிடம் கொடுத்தேன். வளையத்தை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டேன்.

அவளைக் கண்ணுக்குள் வைத்துப் பார்த்துக்கொண்டேன், ஐயா. நெஞ்சில் வெந்த இடத்தில் நானே களிம்பு போட்டேன். சொந்த அண்ணனை இந்தக் கையால் கொன்றுவிட்டேனே என்று அவள் சுவரில் முட்டிக்கொள்ளும்போது, உன்மேல் தப்பில்லை என்று எத்தனையோ தடவை சொன்னேன். அவள் நம்பவில்லை. பிறகு அடங்கிவிட்டாள். செருப்பு நேராக இருந்தது, தம்ளர் கவிழ்ந்திருந்தது. யோசிக்கிறேன் என்ற பேச்சே எழவில்லை. நான் பேசாமல் இருக்க வேண்டிய அவசியம் அதன் பிறகு வரவே இல்லை.

இன்று மதியம் அவள் சாப்பாடு கொண்டுவந்தபோது புதிதாக ஒரு நர்ஸ் பழக வந்திருந்தார். நான் கூட்டை இடுக்கியால் எடுத்து அந்தம்மா உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கினேன். எப்போதும் சொல்கிறதைச் சொன்னேன். சட்டைக்குள் விழுந்தாலும் வேகட்டும், முனை மட்டும் திரும்பக் கூடாது. திரும்பிப் பார்த்தால் கதவருகே இவள் நிற்கிறாள். கையில் டிபன் பாக்ஸ். முகத்தில் ஒன்றுமே இல்லை.

“எனக்கு ஏங்க இத சொல்லித் தரல?”

“உனக்கு சுடுமேன்னுதான்” என்றேன்.

அவள் டிபன் பாக்ஸை மேஜையின்மேல், விளிம்புக்கு நேராக வைத்தாள். கைக்குட்டையால் மூடியைத் துடைத்தாள். எங்கே போகிறேன் என்று சொல்லாமல் வெளியே போனாள். அவள் அப்படிப் போனது அதுதான் முதல் தடவை. இந்த ஸ்டேஷனுக்குத்தான் வந்திருக்கிறாள் என்று நீங்கள் ஆள் அனுப்பிய பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஆமாம், நான்தான் செய்தேன். சட்டை வாங்கியது, பலகையைக் கழற்றியது, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டது, எல்லாம் நான்தான். யாரும் வற்புறுத்தவில்லை. எங்கே கையெழுத்து என்று காட்டுங்கள், போடுகிறேன். அந்தக் கூடும் இதோ, வளையமும் இதோ. தழும்பைப் பாருங்கள், இரண்டிலும் ஓரமாகத்தான் இருக்கும். வேலை முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், என்னுடையவை.

கொஞ்சம் சீக்கிரம் முடித்தால் நல்லது. வெளியே பெஞ்சில் அவள் ரொம்ப நேரமாக உட்கார்ந்திருக்கிறாள், காலையிலிருந்து சாப்பிட்டிருக்க மாட்டாள். நான் அவள்மேல் கோபமாக இல்லை என்று மட்டும் யாரையாவது விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். எனக்காகத்தான் காத்திருக்கிறாள். என்னை விட்டால் அவளுக்குப் போக வேறு வீடு கிடையாது.