பின்வீல் சுகமா, முன்வீல் சுகமா

பசுந்தாங் பேட்டையின் பெட்ரோல் கியூவில், இருக்கிற பெட்ரோலை மிச்சம் பிடிக்க எஞ்சினை அணைத்துவிட்டு எல்லாரும் வண்டியைத் தள்ளித்தான் நகர்த்தினார்கள். எனக்கு முன்னால் ஒரு பழைய ஜப்பான் கார். ஸ்டியரிங்கில் ஒரு பெண். பின்னால் தள்ளியவர் அவள் கணவர், முன்னால் கயிறு கட்டி இழுத்தவர் அவள் தம்பி.

"பின்வீல் டிரைவ் ஓட்டுற சுகமே தனி மச்சான். முதுகுல கை வச்சுத் தள்ளுறாப்ல இருக்கும்" என்றார் கணவர்.

"முன்வீல்தான் சுகம் அத்தான். இழுக்குற பக்கம் வண்டி தானா வரும்."

"நான் தள்ளுறேன், வருது."

"அப்ப கைய எடுங்க, பாப்போம்."

அவர் கையை எடுத்தார். தம்பியும் வீம்புக்குக் கயிற்றை விட்டார். வண்டி நின்றுவிட்டது.

அந்தப் பெண் தலையை வெளியே நீட்டினாள். "கல்யாணமாகி இன்னிக்குத்தான் ஸ்டியரிங்க என் கையில குடுத்திருக்கீங்க. எனக்கு ரெண்டுமே சுகமாத்தான் இருந்துச்சு. நிறுத்தாதீங்க."